முதலியார்பேட்டை வெளிநாட்டுக்காரர்

அலெக்சாண்டர் தர்மம் செய்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு. நோட்டைச் சுருட்டி ஒருவர் கையில் திணிக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. காசோலை எழுதுவார். அதை உறையில் போட்டு ஒட்டுவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். ரசீது கைக்கு வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

பொருளாகக் கொடுத்தால் அதில் பெயர் இருக்க வேண்டும். முதலியார்பேட்டையில் அவர் வீட்டைச் சுற்றியிருக்கிற நாலைந்து தெருக்களில் ‘உபயம்: சொல்தா அலெக்சாண்டர்’ என்று எழுதாத மின்விசிறியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மாதா கோயிலில் அவர் விசிறிகள் சுற்றுகின்றன, மாரியம்மன் கோயிலில் அவர் டியூப்லைட் எரிகிறது. ரேஷன் கடைச் சுவரில் அவர் கொடுத்த கடிகாரம் நின்றுபோய் வெகுநாளாகிறது. பெயர் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அலெக்சாண்டர் முதலியார்பேட்டையில் பிறந்து, முதலியார்பேட்டைக் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்தான். ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்குக் கைமாறிய காலத்தில் அவருடைய அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டார். அந்த வழியில் மகனும் பிரெஞ்சுக்காரர் ஆனார், பட்டாளத்தில் சேர்ந்தார், ஜிபூத்தி, ஷாத் என்று வெயில் கொளுத்துகிற நாடுகளையெல்லாம் பார்த்தார், பென்ஷனோடு திரும்பி வந்து பிறந்த தெருவிலேயே மாடி வீடு கட்டிக்கொண்டார். காலையில் பாகெத் ரொட்டி, மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. அவரைத் தெருவில் யாரும் வெளிநாட்டுக்காரர் என்று நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை.

அவர் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவள் சின்னப்பொண்ணு. பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை, புருஷன் இல்லை. ஒரே மகள் கலைவாணி, வயது ஒன்பது. பிறந்தபோதே ஏதோ ஆகி, கால் இரண்டும் விறைப்பு. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை, நாலு பேர் பேச்சை ஒருத்தியே பேசுவாள். நெல்லித்தோப்பில் இருக்கிற ‘கைப்பிடி’ என்கிற சிறப்புப் பள்ளியின் வேன் தினமும் காலையில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். அங்கே படிப்போடு காலை நீட்டி மடக்கிப் பயிற்சியும் கொடுப்பார்கள்.

அந்த வருஷம், சுனாமி வந்து இரண்டாம் வருஷம், வேன் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இதற்கு மேல் இதை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். மற்ற பிள்ளைகளை எப்படியோ ஸ்கூட்டரிலும் சைக்கிளிலும் கொண்டுபோய் விட்டார்கள். சின்னப்பொண்ணுக்கு அதற்கு வழியில்லை. தினம் ஆட்டோவுக்குக் கொடுத்தால் சோற்றுக்கு மிஞ்சாது, தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் வேலைக்கு நேரமாகிவிடும். பெண்ணைச் சொல்தா வீட்டுச் சமையல் கட்டில் உட்கார வைத்துவிட்டு ஓடுவாள். அலெக்சாண்டரின் மனைவி வேளாங்கண்ணி அவளுக்குச் சோறு போட்டு, கீரை ஆயக் கொடுத்து, பேச்சும் கொடுத்துக்கொண்டு சமைப்பாள்.

“இப்பிடியே ஒக்காந்தே இருந்தா கால் மடங்கிப் போயிடும்னு டீச்சர் சொன்னாங்கக்கா. அப்புறம் நீட்டவே முடியாதாம்” என்று சின்னப்பொண்ணு ஒருநாள் அழுதாள். வெராந்தாவில் செய்தித்தாளோடு இருந்த அலெக்சாண்டர் காதிலும் அது விழுந்தது. அவர் இரக்கம் இல்லாதவர் இல்லை. அன்றைக்கே காசோலைப் புத்தகத்தை எடுத்தார். ஒரு விசிறி, ஒரு விளக்கு இல்லை. முழு வேனே வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தார். வேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுத எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் அவர் மனசில் ஓடாமல் இல்லை.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் தூதரகத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் சரி, வீட்டு விலாசம் மாறினாலும் சரி, எந்தக் காகிதமானாலும் அதோடு பாஸ்போர்ட் நகல் ஒன்றைப் பின் போட்டு வைத்துவிடுவார்கள். வைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவான். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகவே அதைச் செய்யும். காசோலைக்குப் பின்னால் பாஸ்போர்ட் நகலைக் குத்தி, உறையில் போட்டு, ஒட்டி, வெள்ளைச் சட்டையோடு நெல்லித்தோப்புக்குப் போனார்.

பள்ளியை நடத்துகிறவர் ஆதிலட்சுமி டீச்சர். உறையைப் பிரித்துத் தொகையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் பின்னால் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார்.

“இது இன்னா சார்?”

“பாஸ்போர்ட் காப்பி. வச்சிக்கங்க. நாளைக்கு எவனாவது கேட்டான்னா?”

டீச்சர் அதை இன்னொரு தரம் வாசித்தார். காசோலையை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“சார், இத நா வாங்க முடியாது. நீங்க வெளிநாட்டுக்காரர்.”

அலெக்சாண்டர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

“யாரு?”

“நீங்கதான் சார். வெளிநாட்டுக் குடிமகன் ரூபாயில குடுத்தாலும் சரி, பக்கத்து வீட்லேருந்து குடுத்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடை. வாங்கறதுக்கு டெல்லியில பர்மிஷன் எடுத்திருக்கணும். எங்கிட்ட இல்ல.”

“மாதா கோயில்ல வாங்கறாங்களே?”

“அவங்களுக்கு பர்மிஷன் இருக்கும்.”

“மாரியம்மன் கோயில்ல?”

“அவங்க உங்க பாஸ்போர்ட்ட பாத்திருக்க மாட்டாங்க.”

“அப்ப அந்தக் காயிதத்த இப்பிடிக் குடுங்க, கிழிச்சிப் போட்டுடறேன்.”

“நா பாத்துட்டேனே சார்” என்றார் டீச்சர். “சுனாமிக்கு அப்புறம் காசு எங்கேருந்து வந்துச்சின்னு எல்லா டிரஸ்ட்டையும் நோண்டிக்கினு இருக்காங்க. நா வாங்கி, நாளைக்குத் தெரிஞ்சா வேன் இல்ல, பள்ளிக்கூடமே போயிடும். காசா குடுத்தாலும் அதே கதைதான். வேனா வாங்கி நிறுத்தினாலும் அதேதான்.”

ரசீது இல்லாமல் அலெக்சாண்டர் எழுந்து வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

“நா வெளிநாட்டுக்காரனாம்! இந்தத் தெருவுல கோலி ஆடினவன் நானு! இன்னா தைரியம் இருந்தா எம் மூஞ்சிக்கு நேரா சொல்லுவா!”

வேளாங்கண்ணி அடுப்பைத் தணித்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கலைவாணி கீரையை ஆய்ந்துகொண்டே, “தாத்தா, வெளிநாட்டுக்காரங்கன்னா வெள்ளையா இருக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள்.

“எம் பேர்ல குடுத்தா ஆவாதா?” என்றாள் வேளாங்கண்ணி. “நா இந்தியாக்காரிதான?”

அது அந்த வீட்டில் ஒரு பழைய புண். கல்யாணமான புதிதில் அவளையும் பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்கச் சொன்னார். பிரெஞ்சில் பேசிக் காட்ட வேண்டும் என்றதும் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். இருக்கிற நாடு எனக்குப் போதும் என்றாள். அவர் சொந்தக்காரர்கள் அவளைப் பட்டிக்காடு என்று பேசினார்கள். அவரும் ஒன்றிரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.

“உன் பேர்லயா?” என்று இப்போது சிரித்தார். “ஒனக்கு பேங்குல ஒரு கணக்கு உண்டா? இன்னாத்த குடுப்ப?”

அவள் மறுபடி அடுப்பைத் தூண்டினாள்.

ஆனால் அலெக்சாண்டர் விடுகிற ஆள் இல்லை. பள்ளியின் வாசலில் ஓர் உண்டியல் இருந்தது. அதில் போடுகிறவனிடம் யார் பாஸ்போர்ட் கேட்கப்போகிறார்கள்? பேர் வராதுதான். இருந்தாலும் பரவாயில்லை, அந்த டீச்சருக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்கிற சந்தோஷமாவது மிஞ்சும் என்று நினைத்தார். நோட்டுகளைக் கட்டாகவே கொண்டுபோய், மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து உள்ளே திணித்தார். கட்டு பாதி போனது, மீதி சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பட்டாளத்தில் பீரங்கி இழுத்தவர் ஓர் உண்டியலோடு மல்லுக்கட்டுவதைப் பள்ளிக்கூட ஆயா பார்த்துவிட்டு, “ஐயோ, உண்டியல ஒடைக்கிறாங்க!” என்று ஒரு கத்துக் கத்தினாள்.

ஆதிலட்சுமி டீச்சர் சாதம் பிசைந்த கையோடு ஓடி வந்தார். சாவி போட்டு உண்டியலைத் திறந்து, கட்டை எடுத்து, அவர் கையிலேயே வைத்தார். சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“உங்க மனசு புரியிது சார். நா பாக்காம இருந்திருந்தா அது வேற விஷயம்.”

“நீங்க எல்லாத்தயும் பாத்துடறீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்து பலராமனிடம் போனார். பலராமன் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, அசல் இந்தியக் குடிமகன்.

“எங் காச நீ ஒன் கணக்குல போட்டுக்க. ஒன் பேர்ல செக்கு எழுதிக் குடு. அவ்ளோதான்” என்றார் அலெக்சாண்டர்.

பலராமன் தாடையைச் சொறிந்தார். “எம் பொண்டாட்டி நம்பவே மாட்டாளேடா. டீக்கடைல நா காசு குடுத்தேன்னாலே சந்தேகப்படுவா. அது போவட்டும். ரசீது எம் பேர்ல வரும். வேன்ல ‘உபயம் பலராமன்’னு எழுதுவான். ஒனக்குப் பரவால்லியா?”

இந்த இடத்தில் மூடி மறைக்கக்கூடாது. அலெக்சாண்டர் யோசித்தார். தெரு முனையில் அந்த வேன் திரும்புவதையும், அதன் பக்கவாட்டில் பலராமன் பெயர் வெயிலில் மின்னுவதையும் ஒரு நிமிஷம் பார்த்தார். “அப்புறம் சொல்றேன்” என்று எழுந்து வந்துவிட்டார். அப்புறம் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு முறுக்கு வந்துவிட்டது. என் காசு வேண்டாம் என்றால் போகட்டும், நானா போய்க் கெஞ்சினேன் என்று இருந்தார். சமையல் கட்டில் கலைவாணி வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் வேளாங்கண்ணி அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீட்டும்போது அவள் பேச்சு நின்று ஒரு முனகல் வரும். முன்னால் அது வந்ததில்லை. வெராந்தாவில் அலெக்சாண்டர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்வார். எத்தனை சத்தமாக வைத்தாலும் அந்த முனகல் கேட்கத்தான் செய்தது. அது அவரைத் தின்றது.

கடைசியில் டெல்லிக்கே எழுதுவது என்று உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த கௌரவமான மொழியான பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினார். தான் யார், எந்தப் படைப்பிரிவு, எந்தத் தெரு, ஏன் தன்னைத் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவ விட வேண்டும் என்று எல்லாம் எழுதினார். பழக்க தோஷத்தில் பாஸ்போர்ட் நகலையும் பின் போட்டார். டீச்சரிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பலாம் என்று நெல்லித்தோப்புக்குப் போனால், பள்ளி வாசலில் ஒரு வெள்ளை மாருதி வேன் நின்றது. புதுசு இல்லை, ஆனால் புதுசு மாதிரி இருந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

டீச்சர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க சார். நாளையிலேருந்து வண்டி ஓடுது. மொதல் ட்ரிப்பே உங்க தெருதான். உங்க வீட்டம்மாவுக்கு நா இன்னா சொல்றதுன்னே தெரியல.”

“எங்க வீட்டம்மாவா?”

“உங்களுக்குத் தெரியாதா?” என்று டீச்சர் ஒரு கணம் தடுமாறினார். “அம்மா போன வாரம் வந்தாங்க. நா கறாரா கேட்டேன் சார், மன்னிக்கணும். உங்க காச இந்தக் கைல வாங்கி அந்தக் கைல குடுக்கறதா இருந்தா வேணாம்னு சொன்னேன். ‘எங்கம்மா எனக்குப் போட்டு அனுப்பின சங்கிலி, அவர் காசு ஒரு பைசா இதுல இல்ல’ன்னு சொல்லி நகைக்கடை பில்ல எடுத்து வச்சாங்க. ரெட்டை வடமும் அட்டிகையும். மிச்சத்துக்கு நாங்க கொஞ்சம் போட்டோம். வேன்ல பேர் எழுதறோம்னேன், வேணாம்னுட்டாங்க.”

அலெக்சாண்டர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது வேளாங்கண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி கோத்த மெல்லிய செயின் ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்தன்று பார்த்ததிலிருந்து அந்த ரெட்டை வடம் இல்லாமல் அவளை அவர் பார்த்ததே கிடையாது. ஒரு வாரமாக அது இல்லை. ஒரு வாரமாக அவள் குனிந்து அவருக்குச் சோறு பரிமாறியிருக்கிறாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?” என்றார். கோபமாகத்தான் கேட்க நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

“கேட்டேனே. எம் பேர்ல குடுக்கலாமான்னு. சிரிச்சீங்க.”

“சரி, போவட்டும். நாளைக்கே கடைக்குப் போறோம். அதே மாதிரி ரெட்டை வடம், அதே எடைல வாங்கித் தர்றேன்.”

“வேணாங்க.”

“ஏன்?”

“நீங்க அதத் திருப்பிக் குடுத்துட்டா வேன் உங்க காசுல வந்ததா ஆயிடும். டீச்சர்கிட்ட என் காசுன்னு சத்தியம் பண்ணாத கொறயா சொல்லிட்டு வந்திருக்கேன். என்ன பொய்க்காரி ஆக்காதீங்க.”

“பொண்டாட்டிக்கு நகை வாங்கிக் குடுக்கறதுக்கும் டெல்லியில கேக்கணுமா?”

வேளாங்கண்ணி மீன் செதிளை வழித்துப் போட்டாள். “கேக்க வேணாம். எப்ப வேணா வாங்கிக் குடுத்திருக்கலாம். இத்தினி வருஷத்துல குடுத்திருக்கீங்களா?”

அவர் இதுவரை கொடுத்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தார். விசிறி, விளக்கு, கடிகாரம், வாலிபால் வலை என்று எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கென்று வாங்கியது ஒன்றும் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜிபூத்தியில் சார்ஜென்ட் எல்லார் முன்னாலும் திட்டியபோதுகூட இப்படி இருந்ததில்லை.

“அப்ப நா இன்னாதான் பண்றது?” என்றார்.

“காலைல வண்டி வரும். சின்னப்பொண்ணு அதுக்குள்ள கம்பெனிக்குப் போயிடுவா. எனக்கு முட்டி வலி, பொண்ணத் தூக்கி ஏத்த முடியாது. நீங்க ஏத்துங்க.”

மறுநாள் காலையில் வேன் தெரு முனையில் திரும்புவதற்கு முன்பே செய்தி திரும்பிவிட்டது. பேர் எழுதாத வண்டியாக இருந்தாலும், அந்தத் தெருவில் அப்படி ஒன்றை யார் கொடுத்திருக்க முடியும் என்று எல்லாருக்கும் தெரியுமே. பலராமன் பல் குச்சியோடு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எப்பிடியோ சாதிச்சிட்டடா! வெளிநாட்டுக்காரனா இருந்தாலும் மனுஷன்டா நீ!”

“நா இல்லடா. வேளாங்கண்ணி.”

“சரி சரி. டீச்சருக்காக அப்பிடிச் சொல்லிக்கோ” என்று பலராமன் கண்ணடித்தார்.

எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார். பால்காரர் சைக்கிளை நிறுத்திச் சொன்னார். அலெக்சாண்டர் எல்லாரிடமும் நான் இல்லை, என் வீட்டம்மா என்றார். பேரைக்கூடப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாரே, என்ன பெருந்தன்மை என்று தெரு மெச்சியது. இத்தனை வருஷம் விசிறி விசிறியாக வாங்கி மாட்டியும் கிடைக்காத பேர், கொடுக்காத ஒரு வேனுக்காக அன்றைக்கு ஒரே காலையில் கிடைத்தது.

வேன் வந்து நின்றது. அவர் சமையல் கட்டுக்குப் போய்க் குனிந்து கலைவாணியைத் தூக்கினார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். கால் இரண்டும் குறுக்கே விறைத்துக்கொண்டு நின்றன. எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அக்குள்ல புடிக்காத தாத்தா, வலிக்கிது. முட்டிக்கி அடியில கை குடு. ஆங், அப்பிடி.”

சொன்னபடி பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கினார். எதிரே நின்ற ஏழெட்டுப் பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே குழந்தையிடம் சொன்னார்.

“இந்த வண்டி யாரு குடுத்தது தெரியுமா ஒனக்கு? எங்க வீட்டம்மா குடுத்தது.”

“தெரியும்” என்றாள் கலைவாணி. “பாட்டி கழுத்துல ரெட்டை வடத்தக் காணோமேன்னு அன்னிக்கே கேட்டேன். சொல்லிச்சி. யார்ட்டயும் சொல்லாதன்னுச்சி.” அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். “நீ பாக்கலியா தாத்தா? தினம் ஒனக்கு அதான சோறு போடுது?”

தெரு கேட்டுக்கொண்டிருந்தது. பலராமன் வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டார்.

“பாக்கல” என்றார் அலெக்சாண்டர். “நா பாக்கலம்மா.”

அவளை இருக்கையில் உட்கார வைத்து, காலை மெதுவாக நீட்டிவிட்டு, கதவைச் சாத்தினார்.